விளக்கணைந்த நாற்றுகள்

கோலார் தங்கவயலில் சம்பூர்ணம் ரயிலேறும்போது விடிந்திருக்காது. பெங்களூரில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. அங்கே ஜன்னலே இல்லாத ஓர் அறை. அலமாரித் தட்டுகளில் கேழ்வரகு நாற்றுகள், மேலே ஊதா விளக்குகள். உள்ளே போனால் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருக்கும். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பாள்.

ஆயுத பூஜைக்கு மற்ற இயந்திரங்களைப் போலவே அந்த விளக்குகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். பூஜை போட்டதை அன்று ஓட்டக்கூடாது. அதனால் சுவிட்சை அணைத்துவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விடுமுறைகள் முடிந்து கதவைத் திறந்தபோது நாற்றுகளின் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொங்கின.

"அய்யோ தேவ்ரே! யாரு லைட் ஆஃப் பண்ணது?" ஆராய்ச்சி மாணவி ரக்ஷா கத்தினாள்.

"நாந்தான் மேடம். பூஜை போட்டா ரெஸ்ட் குடுக்கணும்ல?"

"ரெஸ்ட் இல்ல அக்கா, பட்டினி போட்டிருக்கீங்க."

இந்த ரகத்தின் விதை வேறெங்கும் இல்லை. இந்த நாற்றுகள் கதிர் வைத்தால்தான் உண்டு. ரக்ஷா விளக்கைப் போட்டபடி சொன்னாள்: வெளிச்சத்தில் இலை காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை செய்யும். கொஞ்சத்தை மாவாகச் சேர்த்துவைத்து, இருட்டில் அதைக் கரைத்து வளரும். வறட்சியைத் தாங்கவும் அந்தச் சர்க்கரைதான் துணை. மாவு தீர்ந்தால் தன்னையே தின்னத் தொடங்கும்.

"பொழைக்குமா மேடம்?"

"குருத்து உயிரோட இருந்தா பொழைக்கும்."

திரும்பும் ரயிலில், தினமும் கூடவே வேலைக்கு வந்துபோகும் தமயந்தி விடவில்லை. "ஏண்டி, பல்புக்கு லீவு விட்டியாமே? எங்க சூப்பர்வைசருக்கும் கொஞ்சம் குங்குமம் வெச்சுட்டுப் போடி!"

சம்பூர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டில் கேழ்வரகு வயல்கள் ஓடின. பகலில் சேர்த்த மாவை ஒவ்வொரு தாளும் இப்போது கரைத்துக்கொண்டிருக்கும். சக்கரச் சத்தத்துக்கு அடியில் அந்த மெல்லும் ஓசை கேட்பதுபோல இருந்தது. கண் செருகியது. வயலோடு வயலாகத் தானும் எதையோ மெல்லக் கரைத்தபடி மிதந்துபோனாள்.

அடுத்த வாரம் ரக்ஷா அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒரு தட்டு முழுக்கச் செத்திருந்தது. மற்றவற்றில் நடுவிலிருந்து பச்சைக் குருத்து எழும்பியிருந்தது.

"கீழ் இலையில இருந்ததை உருவி உருவி மேல அனுப்பியிருக்கு, பாருங்க."

"அப்போ விதை வருமா மேடம்?"

"வரும் அக்கா. ஆனா அடுத்த பூஜைக்கு உங்களை இந்த ரூம் பக்கமே விடமாட்டேன்."

சம்பூர்ணம் காய்ந்த இலை ஒன்றைத் தொட்டாள். கையோடு வந்துவிட்டது. எடையே இல்லை.