கடல் ஏறும் நேரத்து ஓட்டு

இரும்புக் கதவுக்கு வெளியே நின்று ஓட்டுக் கேட்கிறவனை உள்ளே இருக்கிறவன் நம்ப மாட்டான். உள்ளே இருக்கிறவன் தலையாட்டினால் வெளியே நிற்கிறவன் அதை நம்பக் கூடாது. எங்கள் தொழிலே இந்த இரண்டு அவநம்பிக்கைகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. நீங்களும் எப்போதாவது யாருக்காவது ஓட்டுக் கேட்டு வெயிலில் அலைந்திருந்தால், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எனக்குப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்தது. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு நானே எழுதினேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று நான் சுவரொட்டி ஒட்டாத சுவர் குறைவு. வயதான பிறகு காப்பார் பக்கம், கடலோரத் தாமான் குடியிருப்பு ஒன்றில் மகன் வாங்கிய வீட்டில் ஒதுங்கினேன். ஒதுங்கியிருக்க விட்டார்களா?

எங்கள் தாமானில் மூன்று வரிசை வீடுகள். சாலையோர வரிசை மேடு, கடல் பக்க வரிசை பள்ளம், நடுவில் நாங்கள். வாய்க்காலும் கடலும் சேரும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அது சரியாக மூடுவதில்லை. கடலில் பெரிய ஏற்றம் வந்தால் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் திரும்பிக் கடல் வரிசை வீடுகளுக்குள் வந்துவிடும். மதகைப் பார்க்க வேண்டியது நகராட்சி. இந்த நாட்டில் நகராட்சி உறுப்பினர்களை நியமிக்கிறார்கள், நமக்கு ஓட்டு கிடையாது. எங்களுக்கு இருந்த ஒரே ஓட்டு, நகராட்சியிடம் போய்ப் பேச வேண்டிய குடியிருப்போர் சங்கத் தலைவருக்கான ஓட்டு. தலைவர் தனபாலன் மேட்டு வரிசைக்காரர், காப்புறுதி முகவர், பல காலமாகப் போட்டியே இல்லாமல் வருகிறவர். இந்த முறை அவரை எதிர்த்துக் கடல் வரிசை மகேஸ்வரி நின்றாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள். அவள் கணவருக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மற்ற காலிலும் புண். வீட்டுக்குள் வரும் கடல் தண்ணீர் பட்டால் அந்தக் காலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது பதவியை அல்ல, மதகை. ஓட்டுக் கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

கதவுக்கு உள்ளே ஆன்டி

நடு வரிசையில் ஓர் ஆன்டி. கம்பிக் கதவைத் திறக்கவில்லை, நாயையும் கட்டவில்லை. ஆனால் நான் பேசியதை முழுக்கக் கேட்டார். கடல் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், சுத்தமான தண்ணீருக்கு உழைக்கும் மக்களின் உரிமை என்று நான் படிப்படியாக ஏறினேன். எங்கள் தொழிலில் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குறுக்கே பேசுகிறவன் நம் ஆளாகக்கூட இருப்பான். தலையாட்டிக்கொண்டே கேட்கிறவர் அநேகமாக எதிர்த்தரப்புக்குச் செய்தி கொண்டு போகிறவர்.

அதனால் வேட்பாளரின் பெயரைக் கடைசிவரை சொல்லாமலே முடித்துக்கொண்டு, துண்டறிக்கையைக் கம்பிக்குள் நீட்டினேன். ஆன்டி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில்தான் என்னைவிட அதிகச் சந்தேகம் இருந்தது.

“இவ்வளவு நேரம் தண்ணி தண்ணின்னு பேசறீங்க அங்கிள், ஃபில்டர் என்ன விலைன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்களே, அதான் பயமா இருக்கு.”

பாய் கடையில் ஒரு சோதனை

தாமான் முனையில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. எல்லோருக்கும் பாய். தனபாலனின் ஆட்கள் மின்விசிறிக்குக் கீழே உட்காருவார்கள், நாங்கள் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில். நாங்கள் பேசுவதெல்லாம் மின்விசிறிக்குக் கீழே போய்ச் சேருகிறது என்று எனக்குப் பட்டது. பழைய முறை ஒன்று உண்டு. சந்தேகப்படும் ஆளிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது எங்கே முளைக்கிறது என்று பார்ப்பது. வெள்ளிக்கிழமை மாலை தலைவர் வீட்டு முன்னால் மறியல் செய்யப்போகிறோம் என்று பாய் காதில் மட்டும் போட்டேன்.

அன்று மாலையே தனபாலன் என்னை வழியில் மறித்து, மறியலுக்கு எத்தனை பேர் வருவார்கள், நாற்காலி போதுமா என்று மரியாதையாக விசாரித்தார். பிடிபட்டாயா என்று நேராகக் கடைக்குப் போனேன். பாய் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், நிறுத்தக்கூட இல்லை.

“மறியல்னு சொன்னீங்க தோழரே, டீ எத்தனைன்னு சொல்லலியே. அதான் அந்த வீட்டுக்காரர்கிட்டயே கேட்டேன்.”

வாய்க்காலுக்கு வந்த லோரி

தேர்தலுக்கு முந்தின வாரம் குத்தகைக்காரர் ஒருவரின் லோரி வந்து நின்று, ஆட்கள் வாய்க்காலில் இறங்கினார்கள். அது வரைக்கும் யாரும் அந்த வாய்க்காலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தனபாலன் ஒரு மண்வெட்டியை வாங்கிக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, அதை வந்த கைக்கே திருப்பிக் கொடுத்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். ஆட்கள் சேற்றை அள்ளினார்கள், நன்றாகவே அள்ளினார்கள். அள்ளியதையெல்லாம் கரையிலேயே குவித்துவிட்டு லோரியைக் காலியாகவே திருப்பினார்கள். அடுத்த மழைக்கு அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இறங்கி வேலை செய்தவர்களில் ஒருவர் வேலை பெர்மிட்டில் வந்தவர், புதுக்கோட்டைப் பக்கம். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, யார் அனுப்பியது, எப்போது சொன்னார்கள், சேற்றை ஏன் ஏற்றவில்லை என்று துருவினேன். அவருக்கும் தெரியவில்லை. கரையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்துக் குவியலில் போட்டார்.

“எங்க ஊர்லயும் ஓட்டு வந்தாத்தாண்ணே சாக்கடை அள்ளுவாங்க. ஆனா அங்க அள்ளினதைத் திரும்பப் போடறதுக்கு வேற ஆள் வருவான், இங்க அதையும் மழைக்கே விட்டுட்டாங்க.”

யார் காரிலிருந்து யார் இறங்கியது

வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன். எங்கள் வேட்பாளர் மகேஸ்வரியே தனபாலனின் காரிலிருந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கதவைச் சாத்தும்போது ஒரு சிரிப்பு வேறு. எத்தனை தேர்தலில் பார்த்திருக்கிறேன்! முதலில் கார், அப்புறம் ஒரு சமரசம், அப்புறம் ‘எல்லாம் நம் மக்களின் நன்மைக்கே’ என்று ஓர் அறிக்கை. துறைமுகத்தில் எங்கள் வேலைநிறுத்தம் ஒன்று இப்படித்தான் ஒரு காரின் பின்னிருக்கையில் முடிந்தது.

அவள் வீட்டுக்கே போய் நேராகக் கேட்டேன். வாசலில் மோட்டார் சைக்கிள் படுத்துக் கிடந்தது. போன ஏற்றத்தில் இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டதாம். கணவருக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், கிளினிக் மூடும் நேரம், மருந்துக்கு ஓடியிருக்கிறாள். வழியில் நின்ற கார் அது ஒன்றுதான். உள்ளே அவர் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார். நான் அதோடு விடவில்லை. வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றி என்றாள். அது மட்டுமா என்றேன். அவள் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

“அங்கிள், நீங்க ஒரு கார் வாங்குங்க, இனிமே அதுல மட்டும் ஏறுறேன். அதுவரைக்கும் எவன் நிறுத்தினாலும் ஏறுவேன்லா.”

மேட்டுக்குத் தெரியாதது

தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலாய் ராயா என்கிற பொது மண்டபத்தில். அது பெரிய ஏற்ற நாள். தேதியை மாற்றச் சொல்லி மகேஸ்வரி முன்பே கேட்டிருந்தாள். மற்ற வாரமெல்லாம் மண்டபத்தில் கல்யாணம் என்று சங்கச் செயலாளர், தலைவரிடம் கேட்காமலே, சொல்லிவிட்டார். கடல் வரிசையில் சாமான்களை முதல் நாளே செங்கல் மேல் ஏற்றிவிட்டு எல்லோரும் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. செங்கல்லுக்கு மேலேயே தண்ணீர் வந்துவிட்டது. மகேஸ்வரி மட்டும் சேலை நனைந்தபடி வந்து நின்றாள். அவள் வரிசையில் வேறு யாராலும் வீட்டைவிட்டு நகர முடியவில்லை.

கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மேட்டுக்காரர்கள் வழக்கம்போல் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள். கடல் வரிசை இல்லாமல் கணக்கு நிறையாது. செயலாளர் எழுந்து, ஆள் போதாததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, அது வரை பழைய தலைவரே தொடர்வார் என்று வாசிக்க ஆரம்பித்தார். அவர் வாசித்த வேகமே எனக்குப் போதுமானதாக இருந்தது. கடல் ஏறும் நேரம் பார்த்துத் தேதி குறித்திருக்கிறீர்கள், இது சதி என்று நான் எழுந்து கத்தினேன். தனபாலன் உண்மையிலேயே திகைத்துப்போனார். அந்தத் திகைப்பு நடிப்பாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“அண்ணே, மேட்டுல இருக்கிறவனுக்குக் கடல் எப்ப ஏறும்னு எப்படித் தெரியும்?”

கை தூக்கும் முறை

அந்தச் சங்கத்தின் விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் நான்தான். ஓட்டு கையைத் தூக்கி என்று அதில் இருக்கிறது. கூட்டம் தாமானுக்குள் நடக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மண்டபத்துக்குள் என்று எங்கேயும் இல்லை. உறுப்பினர்கள் வர முடியாவிட்டால் கூட்டம் அவர்களிடம் போகட்டும் என்றேன். மேட்டுக்காரர்களுக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. செயலாளர் முனகினார். தனபாலன் மறுத்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் ‘நான் தண்ணீரில் இறங்க மாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

கடல் வரிசையில் முழங்கால் தண்ணீர். சமையல் கேஸ் தோம்பு ஒன்று, காலி சிலிண்டர்தான், தானாக மிதந்து எங்களுக்கு எதிரே வந்தது. மகேஸ்வரியின் வீட்டில் அவள் கணவர் சாப்பாட்டு மேசை மேல் உட்கார்ந்திருந்தார், புண் காலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் தூக்கி வைத்திருந்தார். கேட்கும் முன்பே கையைத் தூக்கிவிட்டார். தனபாலன் அந்தக் காலைப் பார்த்தார், காலணியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வீடு வாசலில் நின்று செயலாளர் கைகளை எண்ணினார். கடைசி வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் குளிர்பெட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை தூக்காவிட்டால் ஓட்டு இல்லை என்றார் செயலாளர். மூத்தவர் தனபாலனைக் கூப்பிட்டார். தனபாலனும் காலணியைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டுப் போனார், பிடித்தார், அவர்கள் ஓட்டுப் போட்டு முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க, உங்களுக்கு எதிரா ஒரு ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்.”

நகராட்சி உறுப்பினர்

மகேஸ்வரி ஜெயித்தாள். பாய் கடையில் அன்று மின்விசிறிக்குக் கீழே நாங்கள் உட்கார்ந்தோம். அடுத்த ஏற்றப் பருவத்துக்குள் மதகைப் பழுது பார்த்துவிட வேண்டும் என்று அவள் மனு எழுதச் சொன்னாள். நான் எழுதினேன், என் படிப்புக்கு அது நல்ல மனு. அதை எடுத்துக்கொண்டு புறப்பட இருந்த வாரத்தில் செய்தி வந்தது. எங்கள் வட்டாரத்துக்குப் புதிய நகராட்சி உறுப்பினர் நியமிக்கப்பட்டிருக்கிறார், பெயர் தனபாலன். எப்படி, யார் சொல்லி, எந்த வீட்டு விருந்தில் என்று நான் இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லோரும் ‘எனக்குத் தெரியாது’ என்கிறார்கள். அதிலேயே தெரியவில்லையா?

மனுவை அவரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. மகேஸ்வரியும் நானும் மேட்டு வரிசைக்கு ஏறினோம். வீட்டில் அவருக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. நன்றாகத்தான் வரவேற்றார், அவளை உட்காரச் சொன்னார், கணவரின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மனுவை முழுக்க வாசித்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு, அளவெடுக்க வேண்டும், ஆலோசிக்க வேண்டும், இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்கிற காரியமில்லை, தனக்கு முன்னால் இப்போது தேர்தல் எதுவும் இல்லாததால் நிதானமாகவே பார்க்கலாம் என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் வாயைத் திறக்கும் முன் மகேஸ்வரி எழுந்துகொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

“சரிங்க சார், நிதானமாவே பாருங்க. அடுத்த ஏற்றத்துக்கு நீங்களே எங்க வீட்டுக்கு வந்துடுங்க, மேசைமேல என் வீட்டுக்காரர் தள்ளி உட்காருவார், உங்களுக்கும் இடம் இருக்கு.”

வாழ்நாளெல்லாம் ஓட்டுரிமைக்காகச் சுவரில் எழுதிய எனக்கு இந்த ஒரு தேர்தல் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: முழங்கால் தண்ணீரில் நின்று நாங்கள் கை தூக்கி இறக்கிய மனிதரை, எங்கேயோ காய்ந்த தரையில் உட்கார்ந்திருந்த யாரோ கையைக்கூடத் தூக்காமல் ஏற்றிவிட்டார்கள்.