இடது பக்கம் மட்டும்

பூட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வெயில் கொளுத்துகிற நாளிலும் குடை எடுத்துப் போவேன். ராஜபாளையத்தில் பொது நீச்சல்குளத்தில் மோட்டார் ஆபரேட்டராகச் சேர்ந்த பிறகு இந்தக் குணம் முற்றிப்போனது. அதற்கு முன்னால் நூல் மில்லில் இருந்தேன். அங்கே மெஷின் மக்கர் பண்ணினால் நூல்தான் அறும். இங்கே பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். மூணாவது படியில் டைல் ஆடுது, ஆழப் பக்கம் தரையில் கீறல் தெரியுது, குளோரின் கூடிப்போச்சோ என்னமோ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவேன். ஒருநாள் என் வீட்டுக்காரி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பயத்தையெல்லாம் எங்கிட்டக் கொட்டாம ஒரு நோட்டுல எழுதி வைங்க. நானாவது நிம்மதியாத் திங்கேன்" என்றாள்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேனா பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது. இருந்தாலும் மறுநாளே தடியாக ஒரு நோட்டு வாங்கினேன். விரித்தால் இடது பக்கம் என் பயம். எதிரே வலது பக்கம், அதற்கு என்ன செய்தேன் என்பது. இந்தப் பக்கம் 'மூணாம் படி டைல் ஆடுது, புள்ளைக வழுக்கி விழும்' என்று இருந்தால், அந்தப் பக்கம் 'சிமெண்டு வச்சாச்சு, காயுற வரைக்கும் குறுக்க கயிறு கட்டிருக்கு' என்று இருக்கும். வலது பக்கத்தை எழுதாமல் தாளைத் திருப்ப மாட்டேன். அதை எழுதின பிறகுதான் எனக்கு உறக்கம் பிடிக்கும்.

குளம் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவர்களுக்கு ஒரு குளம் உண்டு. ரெண்டையும் கட்டி இழுக்க முடியவில்லை, இனி ஒன்றைத்தான் பெரிதாக்கி நடத்துவது, மற்றதை மூடிவிடுவது என்று பேச்சு வந்தது. எதை வைக்கலாம் என்று திட்டம் போட ஒரு குழு அமைத்தார்கள். நீந்துகிறவர்கள் சார்பாக அந்தக் குழுவில் என் கூட்டாளியைப் போட்டார்கள்.

அவனும் நானும் தேவதானத்தில் ஒரே கிணற்றில் நீச்சல் பழகினவர்கள். அவன் முதல் நாளே பழகிவிட்டான். நான் ஒரு கோடை முழுக்க பம்புசெட் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றேன். கடைசியில் ஒருநாள் அவன் தண்ணீரை மிதித்தபடி ரெண்டு கையையும் விரித்து, "குதிலே, கீழ நான் இருக்கேம்லா" என்றான். குதித்தேன். சொன்ன இடத்தில் இருந்தான். பிறகு பட்டாளத்துக்குப் போய், ஓய்வுபெற்று வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் வீடு கட்டினான். ஆனாலும் நீந்துவதற்குக் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் குளத்துக்குத்தான் வருவான்.

அவன் குழுவில் இருக்கிறான் என்றதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி எனக்காக இல்லை. சோழபுரத்திலிருந்து ஒரு அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெண்டு மகள்களைக் கூட்டிக்கொண்டு வரும். அவர்கள் தோட்டத்தில் படி இல்லாத கிணறு ஒன்று இருக்கிறதாம். பிள்ளைகள் நீச்சல் தெரியாமல் அதன் பக்கத்தில் நடமாடுவதே தனக்குப் பயம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறது. மூத்தவள் நீந்திவிட்டாள். சின்னவள் இன்னும் ஓரத்துக் கம்பியை விடவில்லை. இந்தக் குளத்தை மூடினால் அவர்கள் ரெண்டு பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் நீந்தி முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் நோட்டைக் கேட்டான். "நம்ம குளத்த எம்புட்டு கவனமாப் பாக்கோம்னு அவியளுக்குக் காட்டணும்லா மாப்ள. ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தாரேன்." பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழை பட்டுவிடாமல் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அதே பையில் சுற்றித் திருப்பித் தந்தான்.

கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கிளம்பும்போது வீட்டுக்காரி நோட்டை எடுத்துப் போகச் சொன்னாள். அதான் ஜெராக்ஸ் இருக்கே, அவன் பார்த்துக்கொள்வான் என்றேன். குடையை எடுத்தேன். நோட்டை எடுக்கவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் திரை கட்டியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் குளத்தைப் பற்றிப் படமெல்லாம் போட்டு முடித்த பிறகு, எங்கள் குளத்தின் நிலைமை என்று சொல்லி ஒரு தாளைக் காட்டினார்கள். என் கையெழுத்து, சுவர் அளவுக்கு. மூணாம் படி. அடுத்த தாள். ஆழப் பக்கம் கீறல். அடுத்தது, தண்ணி ஒரே ராத்திரியில் ரெண்டு விரக்கடை இறங்கியது. வாசித்தது என் கூட்டாளி. இனி எதிர்ப்பக்கம் வரும், இனி வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த இடது பக்கம்தான் வந்தது.

இதை எழுதியவர் வந்திருக்கிறாரா என்று குழுத் தலைவர் கேட்டார். எழுந்து நின்றேன். இவ்வளவு ஆபத்தையும் மறைக்காமல் எழுதி வைத்த மனசு யாருக்கு வரும் என்று அவர் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்காக யாரும் கைதட்டியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

"ஐயா, எதிர்ப்பக்கமும் எழுதியிருக்கேன். அம்புட்டையும் சரி பண்ணியாச்சு" என்றேன். நோட்டு இருக்கிறதா என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். முன்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவனிடம் கேளுங்கள், அவன் முழுசையும் பார்த்திருக்கிறான் என்று கையைக் காட்டினேன்.

அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்காமல், "அவரு நல்ல மனுசர். எதுக்கெடுத்தாலும் கொஞ்சம் பயப்படுவாரு, அவ்வளவுதான்" என்றான்.

நாற்பது வருசமாக என்னை ஏலே, மாப்ள என்று கூப்பிட்ட வாய், அன்றைக்கு 'அவரு' என்றது. பயந்தாங்கொள்ளி எழுதிய இடது பக்கம் அவர்களுக்குச் சாட்சியாக இருந்தது. அதே பயந்தாங்கொள்ளி நின்று சொன்ன வலது பக்கத்தை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டுக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள், எல்லோரும் தூக்கினார்கள். ராஜபாளையம் குளத்தை மூடுவது என்று முடிவானது.

நான் பஸ் ஏற வந்தபோது அவன் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே மாப்ள. நீ எழுதினதத்தான வாசிச்சேன்."

"பாதிய வாசிச்ச."

அவன் ஹேண்டில்பாரைத் தேய்த்தான். பிறகு, இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் குளம் பெரிசானதும் பயிற்சியாளராகத் தன்னைப் போடப்போவதாகச் சொன்னான். எனக்கும் மோட்டார் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம். சொல்லும்போது முகத்தில் பெரிய உபகாரம் செய்த களை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். குடையை பஸ் ஸ்டாப்புத் திண்டிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

மறுநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு டிரஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். தீர்மானம் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது என்று சொல்லி, உட்காரவைத்து டீ மட்டும் கொடுத்தார்கள்.

தண்ணீரை இறக்கின வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்தச் சோழபுரத்து அம்மா மகள்களோடு வந்து, குளம் மூடியாச்சு என்று தொங்கின போர்டைப் பார்த்தது.

"ஆபத்துன்னு போட்டிருக்கு. யாருண்ணே சொன்னா?"

யார் யாரையோ சொல்லியிருக்கலாம். அவன் பெயர் வாய் வரைக்கும் வந்தது. "எழுதினது நான்தாம்மா" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. தப்பாக நினைத்துவிட்டது, அதில் தப்பும் இல்லை. சின்னவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் குளத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப எந்தம்பிட்டச் சொல்லி கெணத்துலதான் பழக்கணும்" என்று அந்த அம்மா திரும்பியது.

நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய், பழகுகிற பிள்ளைகளுக்கு வைத்திருந்த லாரி டியூப் ஒன்றை எடுத்துக் காற்றடித்தேன். டிரஸ்ட் சாமான்தான். யாரிடமும் கேட்கவில்லை. டிரம்மில் இருந்த தண்ணீரில் அமுக்கி, சுற்றிலும் திருப்பித் திருப்பிக் குமிழ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

"போதும்ண்ணே, பஸ்ஸு போயிரும்" என்றது அந்த அம்மா.

டியூபில் பழைய ஒட்டுப்போட்ட இடத்தை மட்டும் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.