தாம்போதியில் லைற் அடித்தால்

லண்டனில் இருபத்திரண்டு வருடம் கார் ஓடியவள் நான். என் கணவர் ஓடுவதில்லை. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தபோது, இணுவிலில் நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவரிடம் சின்னக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கார்த் திறப்பைத் தரும்போது அவர் சொன்னார்: "தீவுப்பக்கம் போறதெண்டா ரவுணிலேயே பெற்றோல் அடிச்சுக்கொண்டு போங்கோ. றோட்டிலை மாடு படுத்திருந்தா கோன் அடிச்சு எழுப்பாதேங்கோ. எழும்பி எந்தப் பக்கம் பாயுமெண்டு அதுக்கே தெரியாது." லைற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதெல்லாம் சொல்லித்தர வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் படகில் குறிகட்டுவான் துறையில் வந்து இறங்கினோம். அங்கே விட்டிருந்த காரை எடுத்துக்கொண்டு புங்குடுதீவைக் கடந்தால் தாம்போதி வரும். இரண்டு பக்கமும் கடல், நடுவே கல் போட்டு நிரவிய ஒடுங்கிய வீதி. அன்று திருத்த வேலைக்காக ஒரு பக்கம் சல்லி குவித்திருந்தார்கள். ஒரு வாகனம்தான் போகலாம்.

தூரத்தில் தண்ணீர் பவுசரை இழுத்துக்கொண்டு ஒரு ட்ராக்டர் வந்தது. அதை ஓட்டி வந்தவன் இரண்டு தரம் லைற் அடித்தான். லண்டனில் அப்படி அடித்தால் 'நீங்கள் முதலில் வாருங்கள்' என்று அர்த்தம். நல்ல மனிதன் என்று நினைத்து, நன்றிக்குக் கையும் காட்டிவிட்டு உள்ளே விட்டேன்.

நடுவழியில் இருவரும் மூக்கோடு மூக்கு நின்றோம். சாரத்தை மடித்துக் கட்டியபடி அவன் இறங்கி வந்தான்.

"அக்கா, நான் லைற் அடிச்சதைக் காணேல்லையோ?"

"கண்டனான். அதுதானே வந்தனான்!"

அவன் என் கணவரைப் பார்த்தான். அவர் கடலைப் பார்த்தார்.

"லைற் அடிச்சா, நான் வாறன், நில்லுங்கோ எண்டெல்லோ அர்த்தம். சரி, பின்னுக்கு எடுங்கோ. பவுசரோடை எனக்கு எடுக்கேலாது."

எடுத்தேன். கார் சல்லிப் பக்கம் சரிந்தது. திருப்பி எடுத்தேன். பின்சில்லு தார் விளிம்பைத் தாண்டிப் போக, என் கணவர் கத்தினார். கீழே தண்ணீர் அவ்வளவு ஆழமில்லை என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரம் எனக்கு அது தெரியாது. பிரேக்கை மிதித்தபடியே இருந்தேன். "நீர் காரை விட்டு இறங்கும், அவர் எடுக்கட்டும்" என்றார் கணவர். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இறங்கினேன்.

ஒரு கையால் ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் காரை நூல் பிடித்ததுபோல் பின்னுக்குக் கொண்டுபோனான். நாங்கள் இருவரும் வெயிலில் அதன் முன்னால் நடந்தோம். முகம் எங்களைப் பார்த்தபடியே கார் விலகி விலகிப் போனது.

புங்குடுதீவுப் பக்கம் தாம்போதி முடிகிற இடத்தில் இரண்டு பெண்கள் கான்களோடு தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். காரை ஓரமாக விட்டுவிட்டு அவன் ட்ராக்டரை எடுக்கப் புறப்பட்டான். அரை மைலாவது இருக்கும். "ஏறுங்கோ தம்பி, கொண்டுபோய் விடுறன்" என்றேன்.

"பிறகு ஆரக்கா பின்னுக்கு எடுக்கிறது?" என்று சிரித்துவிட்டு, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

என்ன நடந்ததென்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். சொன்னேன். அவர்களின் தண்ணீர் என்னால்தான் தாமதம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"லண்டனிலை லைற் அடிச்சா வழி விடுறவையோ?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ஓம்."

"நல்ல சனங்கள்தான்" என்றாள். வேலி நிழலில் எனக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

பவுசர் வந்து சேர்ந்தது. ஒரு கான் நிரம்பியதும் தூக்கிவிட நான் கை கொடுத்தேன். நினைத்ததைவிடப் பாரம். ட்ராக்டர்க்காரன் கையை நெற்றியில் வைத்து வீதி நெடுகப் பார்த்தான். "இப்ப ஒருத்தரும் வரேல்லை. போங்கோ" என்றான்.

இரண்டாம் கியரில், லைற் பொத்தான் பக்கமே கையைக் கொண்டுபோகாமல், தாம்போதி முடிந்து வேலணை வரும்வரை போனேன்.