டெஸ்க்டாப் இல்லாத சர்வர்

கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. மாணவர்கள் வகுப்பறையில் இருந்தபடி போனில் உள்தேர்வு எழுதும் இணையதளம் ஆய்வக மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியில்தான் ஓடியது. எங்கள் சர்வர் அதுதான். அறுபது பேர் ஒன்றாக நுழைந்தால் திணறிவிடும்.

எது இப்படி நினைவகத்தைத் தின்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தேர்வு மென்பொருள் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். வால்பேப்பரும் ஐகான்களுமாக ஒரு டெஸ்க்டாப் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் மாதக்கணக்கில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. எனக்குக் கை பரபரத்தது. நேரே துறைத் தலைவரிடம் போனேன்.

"டெஸ்க்டாப்பை எடுத்துடலாம் சார். சர்வருக்கு அது தேவையே இல்ல."

"அப்ப ஸ்கிரீன்ல என்னங்க தெரியும்?"

"கறுப்பாத்தான் இருக்கும். வேணுங்கிறதை டைப் பண்ணணும்."

"நீங்க லீவுல போயிட்டீங்கன்னா? மவுஸ் இருந்தா நான் எதையாச்சும் தட்டிப் பார்ப்பேன். இது எனக்கு வெளங்காதே மேடம்."

அவர் கேட்டது நியாயம்தான். அவசியமான கட்டளைகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து அதே கணினியில் போட்டுவிட்டு டெஸ்க்டாப்பை நீக்கினேன். அடுத்த தேர்வில் அறுபது பேரும் தடங்கல் இல்லாமல் எழுதி முடித்தார்கள். அன்றைக்கு நான் வகுப்புக்கு வகுப்பு போய் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கடுத்த தேர்வு நாளில் ஆவுடையார்கோவிலில் சொந்தக்காரர் கல்யாணம். அறந்தாங்கி தாண்டிப் பஸ் போகும்போது துறைத் தலைவர் போன் செய்தார்.

"வெப்சைட் தொறக்க மாட்டேங்குதுங்க. பிள்ளைங்கல்லாம் உக்காந்திருக்காங்க."

போனிலிருந்தே சர்வருக்குள் போனேன். சிக்னல் ஒரு கோடுதான். டெஸ்க்டாப்பின் படமும் ஐகானும் வரவேண்டியிருந்தால் அங்கே எதுவும் வந்து சேர்ந்திருக்காது. எழுத்து மட்டும் வரி வரியாக வந்தது. பஸ் தூக்கித் தூக்கிப் போட, பட்டுப்புடவை நழுவ, இரண்டு கட்டைவிரலாலும் அடித்தேன்.

பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார், "யாருக்குத்தா இம்புட்டு வேகமா அனுப்புற?"

"ஒரு கம்ப்யூட்டருக்குங்க."

சர்வரின் டிஸ்க் நிரம்பியிருந்தது. நான் எடுத்து வைத்து மறந்துபோன அந்த நகல் பெரும்பகுதியை அடைத்திருக்க, போன தேர்வின் விடைகள் மிச்சத்தையும் நிரப்பிவிட்டன. நகலை நீக்கிவிட்டு இணையதளத்தை மறுபடி ஓடவிட்டேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது.

"தொறந்துருச்சு மேடம். அதுக்கு முன்னாடி அந்தத் தாள்ல இருந்த மொத வரிய அடிச்சேன். டிஸ்க் நூறு பர்சென்ட்னு வந்துச்சு. அதுதான் கோளாறா?"

"அதேதான் சார். நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே."

அவர் தாளை முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பிறகு, "ரெண்டாவது வரி எதுக்குங்க?" என்றார்.

ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். தாலி கட்டி முடிந்துவிட்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்ததும், சாம்பாருக்குக் காத்திருந்த என் சித்தப்பாவிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.