நாலு மடிப்பு நூல்

தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் புதுத் தகடு போட்டதிலிருந்து என் வீணையின் தந்திகள், விரல் வைக்கும் மெட்டுகளுக்கு மேல் மிகவும் உயர்ந்து நின்றன. அழுத்தி அழுத்தி விரல்களில் வெட்டு விழுந்திருந்தது. அன்று மாலை சின்ன காஞ்சிபுரத்தில் உற்சவக் கச்சேரி.

கோயில்காரர்கள் ஓர் ஆசாரியை அழைத்து வந்தார்கள். ஒல்லியான மனிதர். காதில் பட்டு நூல் ஒன்றைச் செருகியிருந்தார். அதுதான் அவருடைய அளவுகோல். தகட்டைச் சூடாக்கி, அது பதிந்திருந்த அரக்கில் அழுத்திக் கொஞ்சம் இறக்குவார். நூலை நாலாக மடித்துத் தந்திக்கு அடியில் விட்டு இழுத்துப் பார்ப்பார். நூல் லேசாகப் பிடித்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்" என்றேன்.

"மாட்டேன் சாமி. நீங்க தந்திய நல்லா இழுத்து வாசிக்கிறவரு. இன்னும் இறக்கினா கரகரன்னும்."

"நான் இன்னும் வாசிக்கவே இல்லையே?"

"உங்க விரலப் பாத்தேனே."

இருபது வருஷ வித்வானுக்கு இவர் சொல்வதா என்று எனக்குக் கோபம். மாலையில் முதல் தந்தியை மீட்டினேன். மண்டபம் முழுக்க மணி போல் ஒலித்தது. கடைசித் தூணருகே நின்றிருந்த ஆசாரி உடனே திரும்பி நடந்தார்.

மறுநாள் அவரைத் தேடிப் போய், ஏன் இருந்து கேட்கவில்லை என்றேன்.

"ஒரு மீட்டுலயே என் வேல சரியா இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் நின்னுக்கினு இருந்தா, உங்க வேலைய சோதிக்கிற மாதிரி ஆயிடும் சாமி."

எத்தனையோ சபைகள் என்னைப் பாராட்டியிருக்கின்றன. கேட்காமல் போய் என்னைக் கௌரவித்தவர் அவர் ஒருவர்தான்.