போர்வைக்குள் ஒரு சாலமாண்டர்

இந்தக் கிறிஸ்மஸ் லீவில் எங்கள் லண்டன் டூட்டிங் வீட்டில் ஒரு உயிர் போய்விட்டது. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆகவே இந்தக் கிழமைப் பத்தியில் பகிடி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்து சயன்ஸ் லேபில் உதவியாளர். வேலை புதிது. லீவு முடியும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, பயாலஜி டீச்சர் தன் டைகர் சாலமாண்டரை, மண் போட்ட கண்ணாடித் தொட்டியோடு, அவளை நம்பிக் கொடுத்தார். அமெரிக்கப் பிராணி. ஒரு சாண் நீளம், கறுப்பு உடம்பில் மஞ்சள் வரி. பார்த்தால் கொழுத்த பல்லி... ஆனால் பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தம். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தார்.

மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம். இங்கிலீஷ் மட்டுமட்டு. மூன்று ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறவன். நாங்கள் இருவரும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தொட்டியைத் தூக்கி கேஸ் ஹீட்டருக்கு முன்னால் வைத்துவிட்டான். மேலே போர்வை வேறு!

வந்து பார்த்தால் மண் காய்ந்து, தோல் சுருங்கிக் கிடந்தது. தண்ணீர் தெளித்தோம். அசையவில்லை.

"பாவம் அத்தான், குளிரில விறைச்சுப் போய்க் கிடந்தது. சூடு பட்டா எழும்புமெண்டு நினைச்சன்."

உனக்குக் குளிர்ந்தால் உலகத்துக்கே குளிருமா என்று கத்தினேன். இது எங்கள் ஆட்களின் வியாதி. விருந்தாளி கையால் சாப்பாட்டுக் கோப்பையை மறைத்தாலும் விரலுக்கு மேலேயே சோற்றைப் போடுவோம். என்ன வேண்டும் என்று கேட்கமாட்டோம். அன்பாம் அன்பு!

அவன் அழுதான். மனைவி குறுக்கே வந்தாள்.

"இஞ்சரப்பா, அவனை ஏன் பேசுறியள்? அவனுக்கும் வாசிச்சுச் சொல்லுங்கோ எண்டு அந்தத் தாளை உங்களிட்டத்தானே தந்தனான்?"

தாள் மேசையில்தான் கிடந்தது. அப்போதுதான் வாசித்தேன். தன் ஊரில் அது வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள், ஈரமான வளையில் கழிக்குமாம். குளத்து ஐஸ் உருகத் தொடங்கியதும் மழையில் வெளியே வந்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முட்டையிடுமாம். தோலாலும் மூச்சு விடுமாம் — தோல் ஈரமாக இருக்கும்வரை. குளிரில் அசையாமல் கிடந்தது அதற்குச் சுகம். நாங்கள்தான் பாவம் பார்த்தோம்.

பள்ளி திறந்த அன்று மனைவி வெறும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

'சூட்டுக்குக் கிட்டே வைக்காதீர்கள்' என்று முதல் வரியிலேயே அடிக்கோடிட்டு எழுதியிருந்தார் டீச்சர். அந்த வரிக்கு மேலேதான் நான் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.