சேத்துப்பட்டு ரோட்டில் கிடைத்த பதில்

பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவனுக்கு வயிறு அடங்காத வியாதி வந்தால் என்ன ஆகும்? அன்பான சகோதர சகோதரிகளே, அதை அனுபவித்தவன் நான். கொஞ்சம் அருவருப்பான விஷயம்தான். அதை மறைத்துவிட்டுச் சொன்னால் ஆண்டவர் எனக்குச் செய்தது என்னவென்று உங்களுக்கு விளங்காது. அதனால் உள்ளபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சாமுவேல். சந்தவாசல் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அப்பா, அம்மா இருவருக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு வழியாக வந்தவாசி போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. எஸ்தரைக் கல்யாணம் செய்து ஆரணியில் வாடகை வீட்டில் குடியேறினேன். அவள் வீட்டிலிருந்தபடியே பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. நன்றாகத்தான் இருந்தோம்.

1996-ம் வருஷம் மழைக்காலத்தில் வியாதி ஆரம்பித்தது. முதலில் பேதி என்று நினைத்தேன். பிறகு சளி போல, பிறகு ரத்தம். வயிற்றை யாரோ துணி பிழிவது போல் முறுக்கும். முறுக்கினால் உடனே போக வேண்டும். அடக்க முடியாது. ஒரு டாக்டர் மூலம் என்றார். இன்னொருவர் சீதபேதி என்று மாத்திரை கொடுத்தார். நாட்டு வைத்தியர் உடம்புச் சூடு என்றார். மருந்து சாப்பிட்டால் சில வாரம் அடங்கும். திரும்ப வரும்.

வியாதியைவிடப் பயம்தான் என்னை அதிகம் தின்றது. பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பும்போதே எனக்கு வேர்க்கும். எந்த ஊரில் ஓடை இருக்கிறது, எங்கே புதர் இருக்கிறது, எந்த டீக்கடைக்காரர் பின்பக்கம் போக விடுவார், எல்லாம் மனப்பாடம். வேலைக்குப் போகும் நாளில் சாப்பிடவே மாட்டேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அப்படியும் வயிறு முறுக்கும். ஜன நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பேன். யாராவது சில்லறை கேட்டால் எரிந்து விழுவேன். ராத்திரி படுத்தால் நாளைய வண்டி கண்முன் வந்து நிற்கும். தூங்காமல் எழுந்தால் வயிறு இன்னும் மோசமாகும். பயந்தால் வயிறு கெடும், வயிறு கெட்டால் பயம் கூடும். அதிலிருந்து எப்படி வெளியே வருவதென்று தெரியவில்லை.

உடம்பு இளைத்துவிட்டது. சட்டை தோளில் தொங்கியது. அந்தக் காலத்தில் ஒருவன் இப்படி இளைத்தால் ஜனங்கள் ஒரே ஒரு வியாதியைத்தான், எய்ட்ஸைத்தான், சொல்வார்கள். அதுவும் ஊர் ஊராகப் போகிற கண்டக்டர். எங்கள் தெருவிலும் பேச்சு பரவியது. பக்கத்து வீட்டில் என் மகளைத் தூக்குவதை நிறுத்தினார்கள். பொதுக் கக்கூஸுக்கு எங்களை வர வேண்டாம் என்றார்கள். வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாமியார் வந்து எஸ்தரைக் கூப்பிட்டார். "குழந்தைய தூக்கிகினு வந்துடு. உன் உசுரையாவது காப்பாத்திக்கோ" என்று என் காதுபடவே சொன்னார். எஸ்தர் நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளும் என்னோடு அதிகம் பேசவில்லை. அவள் மனதிலும் அந்தச் சந்தேகம் இருக்கிறதோ என்று நினைத்து நினைத்து நொந்தேன். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சபைக்குப் போனால் கடைசி வரிசையில், கதவு ஓரம் உட்காருவேன். பாதி ஜெபத்தில் எழுந்து ஓடுவேன். உனக்கு விசுவாசம் போதாது என்று ஒரு சகோதரர் சொன்னார். உள்ளே ஏதோ பாவம் இருக்கிறது, அறிக்கை செய் என்றார் இன்னொருவர். எதை அறிக்கை செய்வது என்று தெரியாமல் அழுதேன். சுகம் தாரும் ஆண்டவரே என்று வருஷக்கணக்கில் ஜெபித்தேன். வானம் மூடிக் கிடந்தது.

1999-ல் ஆவணி மாதம், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின வாரம். கல்யாணப் புடவை எடுக்க வந்தவாசிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆரணிக்கு வந்துகொண்டிருந்தார்கள். வண்டியில் கால் வைக்க இடம் இல்லை. சேத்துப்பட்டு தாண்டியதும் எனக்கு முறுக்கியது. எப்போதும் போலப் பல்லைக் கடித்தேன். முடியவில்லை. விசில் ஊதினேன். வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்ல? புதுப் பெண்ணாகப் போகிற ஒரு பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள். நான் படியிலிருந்து குதித்து, பையோடு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினேன்.

உள்ளே ஒரு பெரிய கிணறு இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஆழத்தில் கறுப்பாகக் கிடந்தது. இனி அந்த பஸ்ஸில் எப்படி ஏறுவேன்? எஸ்தர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உள்ளே விழுந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து நின்றுவிட்டேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது ஜெபம் என்றுகூடச் சொல்ல முடியாது. "ஆண்டவரே, இனிமே என்னால தனியா முடியாது. யாரையாவது அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான். சுகம்கூடக் கேட்கவில்லை.

பின்னால் கரும்புச் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. டிரைவர் ஏழுமலை அண்ணன். ஒரே வண்டியில் பல வருஷம் ஓடியும் என் வியாதியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையில் அவருடைய லுங்கியும் துண்டும் வைத்திருந்தார். கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க வா" என்றார்.

"நான் வர்லண்ணா. நீங்க வண்டிய எடுத்துகினு போங்க."

"வண்டி நிக்கட்டும். நீ ஏறாம நான் எடுக்க மாட்டேன்" என்றார். கையைப் பிடித்து என்னை வாய்க்கால் பக்கம் இழுத்துப் போனார். பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. நான் தடுக்கத் தடுக்க என் பேன்ட்டை அவரே அலசினார். அலசும்போது ரத்தத்தைப் பார்த்துவிட்டார். துணியை மறுபடியும் தண்ணீரில் முக்கினார். பிறகு, "எத்தினி வருசமாடா இத வச்சிகினு என்கூட ஓடினு இருந்த? சொல்லியிருந்தா எங்க வேணா நிறுத்தியிருப்பனே" என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

லுங்கியோடு பஸ்ஸில் ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் என்ன சொல்லிவிட்டு வந்திருந்தாரோ தெரியாது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாம். தங்கை மகளுக்குப் புடவை எடுக்க வந்தவர். மெதுவான குரலில், மற்றவர்களுக்குக் கேட்காமல், ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு சொன்னார்: "இது மூலம் மாதிரி தெரியலைங்க. நீங்க நினைச்சு பயப்படற வியாதியாவும் இருக்காது. குழாய் உள்ள விட்டுக் குடலைப் பார்க்கணும். அடுத்த வாரமே வாங்க, நான் இருக்கேன்."

போனோம். எஸ்தரும் வந்தாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் சோதித்தார்கள். பெருங்குடல் முழுக்கப் புண் என்று தெரிந்தது. தெரு முழுக்கச் சொன்ன அந்த வியாதி இல்லை. அதைக் கேட்டதும் எஸ்தர் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் இத்தனை நாள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பயந்துகொண்டே என்னோடு இருந்திருக்கிறாள்.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது அடியோடு போகாது. மாத்திரையால் அடக்கி வைக்கலாம். நிறுத்தினால் திரும்ப வரும். கவலையினால் இந்த வியாதி வரவில்லை, ஆனால் கவலை வயிற்றைக் கிளறிவிடும் என்றார். எதற்கு அதிகம் பயப்படுகிறாய் என்று கேட்டார். அவசரத்துக்கு வண்டி நிற்காதே என்றுதான் என்றேன். அதை உன் டிரைவரிடம் சொன்னாயா என்றார். அவருக்கு இப்போது தெரியும் என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிடவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் அம்மா இறந்தபோது மறுபடியும் ரத்தம் கொட்டியது. ஆஸ்பத்திரியில் படுத்தேன். மருந்தில் முகம் வீங்கி மகளே என்னை அடையாளம் தெரியாமல் பின்வாங்கினாள். ஏழுமலை அண்ணன் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் அந்தப் பேச்சைக் கிளப்பியவர்கள் யாரும் இன்றுவரை என்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. நாங்கள்தான் வீடு மாறினோம்.

ஆனாலும் அந்தக் கிணற்றடிக்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை. காலையில் கொஞ்சம் சாப்பிடுகிறேன். மாற்றுத் துணி ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வண்டி கிளம்பும்முன் கண்ணை மூடி, இந்த ஒரு நடைக்கு மட்டும் துணை தாரும் என்று கேட்பேன். திரும்பி வரும் நடைக்கு அப்போது கேட்டுக்கொள்ளலாம். வயிறு முறுக்கினால் விசில் ஊதுவேன். அண்ணன் எதுவும் கேட்காமல் ஓரம் கட்டுவார்.

ஏழுமலை அண்ணன் நெற்றியில் விபூதி இட்டவர். நம் சபை வாசலை மிதித்தவர் இல்லை. ஆண்டவர் அவரையா அனுப்பினார் என்று சிலர் கேட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்குள் வந்தவர் அவர்தான், வேறு என்ன சொல்ல?

உங்களில் யாருக்காவது வெளியே சொல்ல முடியாத வியாதி இருக்கலாம். இப்போதுகூட எந்த வரிசையில் உட்கார்ந்தால் சீக்கிரம் வெளியே ஓடலாம் என்று பார்த்து உட்கார்ந்திருக்கலாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஜெபத்தையும் நிறுத்தாதீர்கள். ஜெபித்துவிட்டு ஒருவரிடமாவது வாயைத் திறந்து சொல்லுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார். இன்று காலையும் எனக்கு ரத்தம் போனது. டாக்டரிடம் நாளைக்குப் போக வேண்டும். போவேன். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.